உடன்குடி முதல் உகாண்டா வரை: கைமாற்று ஸ்பெஷல்!

ஏழே பேர்! 3,500 டாலர்! ஒரே ஒரு வார இறுதி! 2005-ல் உகாண்டாவின் டொரோரோ என்ற ஊரில் ஆடு வளர்ப்பவர், மீன் விற்பவர், சிறு ஓட்டல்காரர் என ஏழு பேருக்கு இப்படித்தான் கடன் கிடைத்தது. கொடுத்தது வங்கி இல்லை. அமெரிக்காவில் இருந்த மேட் ஃபிளானரி, ஜெசிகா என்ற இளம் தம்பதியின் நண்பர்களும் சொந்தக்காரர்களும்!

அத்தனை பேரை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? தங்கள் கல்யாணத்துக்கு அழைத்தவர்களின் பட்டியலை எடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் தட்டினார்கள். அவ்வளவுதான், 'கிவா' பிறந்துவிட்டது!

கல்யாணப் பட்டியலை வைத்துக் கடனா என்று ஊரெல்லாம் வியக்கலாம். உடன்குடிக்காரர் வியக்க மாட்டார்! நெல்லைப் பக்கம் கல்யாண வீட்டில் 'சுருள்' எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தல் வாசலில் ஒரு மேசை. மேசைமேல் நீளவாக்கில் ஒரு நோட்டு. கையெழுத்து அழகாக இருக்கும் மாமா ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை. மூன்றே விவரம்!

கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவுக்குப் போகும். நகை இருக்கும் அதே பீரோ! சுருள் வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால் முதலில் புரட்டுவது அதைத்தான். வாங்கியதற்குக் குறையாமல் திருப்ப வேண்டும். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, நோட்டீஸ் இல்லை!

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் இன்னும் ஒரு படி மேல். கல்யாணமே தேவையில்லை! ஆடி மாதம் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, மொய் வாங்குவார்கள். தொழில் தொடங்க, கிணறு வெட்ட, வீடு கட்ட மூலதனம் தயார். வட்டி? சைபர்!

2022-ல் பேராவூரணியில் ஒரே ஒரு மொய் விருந்து. வசூல் சுமார் 10 கோடி ரூபாய்! சில விருந்துகளில் பணம் எண்ணும் எந்திரத்தோடு வங்கி ஊழியர்களே வந்து உட்காருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சரி, டொரோரோவின் ஏழு பேர் என்ன ஆனார்கள்? சில மாதங்களில் அத்தனை பேரும் கடனைக் கட்டி முடித்தார்கள். ஒருவர் பாக்கியில்லை!

இன்று கிவா வழியாகக் கைமாறிய தொகை 200 கோடி டாலருக்கு மேல்! கடன் பெற்றவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். பத்தில் எட்டுப் பேர் பெண்கள்!

கிவாவில் ஆரம்பத்தில் ஒருவர் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை 25 டாலர். இந்த 25-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தூத்துக்குடிக்கு வாருங்கள். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, அதன் ஒரு பங்கின் விலை என்ன? 25 ரூபாய்! 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம்! இந்தப் பொருத்தம் கண்ணில் பட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை!

2007-ல் ஓப்ரா வின்ஃப்ரேயின் டி.வி. நிகழ்ச்சியில் கிவா பற்றிப் பேசினார்கள். கடன் கொடுக்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். விளைவு? கடன் கேட்பவர்களின் பட்டியல் தீர்ந்துபோனது! ஒருவருக்கு ஒருவர் 25 டாலருக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று!

இன்னொன்று கேளுங்கள். இணையத்தில் ஒரு பெண்மணியின் போட்டோவைப் பார்த்து உருகி 25 டாலர் அனுப்புகிறீர்கள். பெரும்பாலும் அதற்கு முன்பே அந்த அம்மாவின் கையில் பணம் போய்ச் சேர்ந்திருக்கும்! உள்ளூர் நிறுவனம் முன்கூட்டியே கொடுத்துவிடும். உங்கள் பணம் அந்தக் குழியை நிரப்பும்!

உங்களுக்கு வட்டி ஒரு பைசா கிடையாது. ஆனால் அந்த அம்மா உள்ளூர் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் வட்டி கட்டுகிறார். இது பலருக்குத் தெரியவே தெரியாது!

கருப்பட்டிக்குப் பின்னால் ஒரு கணக்கு

உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பொருள்! புட்டுக் கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, சில்லுக் கருப்பட்டி என்று வகை வேறு! திருச்செந்தூர் போய்விட்டு வருபவர்கள் பையில் ஒரு ஓலைப்பெட்டி இல்லாமல் இருக்காது.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எத்தனை பதநீர் வேண்டும்? சுமார் 8 முதல் 10 லிட்டர்!

பனையேறி ஒருவர் 30, 40 மரம் ஏறுவார். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு முறை அல்ல. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் மறுபடியும்! சில மரங்களின் உயரம் 100 அடியைத் தொடும்!

கீழே விடிலியில் வேலை வேறு. விடிலி என்றால் பனையோலைக் குடிசை. உள்ளே பதநீர் அகன்ற சட்டியில் கொதிக்கும். எரிக்கக் காய்ந்த ஓலையும் மட்டையும்தான். நுரை பொங்கி வழியப் பார்க்கும். உடனே நசுக்கிய ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் தூவுவார்கள். நுரை சட்டென்று அடங்கிவிடும்! பதநீர் இறுகிக் கூப்பனி ஆகும். கிண்டிக் கிண்டிப் பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி!

மரத்தில் பதநீர் வடியும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் என்ன ஆகும்? பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும்! ஆக, கலயம் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், அரிவாள் வேண்டும், மரத்துக்குப் பாட்டம், அதாவது குத்தகை, கட்ட வேண்டும். முதல் சொட்டு விழுவதற்கு முன்பே செலவு!

பதநீர் சீசன் ஏறக்குறைய பங்குனியில் இருந்து ஆடி வரை. மற்ற மாதங்களில் அடுப்பு எரிய என்ன வழி? வியாபாரியிடம் முன்பணம்! கையில் வாங்கியது ரூபாய், திருப்பிக் கொடுப்பது கருப்பட்டி. விலை சொல்வது யார்? முன்பணம் கொடுத்தவர்!

இதே கதை வங்கதேசத்தில் நடந்தது. சிட்டகாங் பக்கம் ஜோப்ரா கிராமம். மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள் வியாபாரியிடம் கடன் வாங்கி, முக்காலியை அவருக்கே விற்றார்கள். 1976-ல் பேராசிரியர் முகமது யூனுஸ் ஒரு கணக்கு எடுத்தார். அந்த ஊரில் 42 பேர் கடனில் மாட்டியிருந்தார்கள். அத்தனை பேரையும் மீட்க என்ன செலவு? மொத்தமே 27 டாலர்!

பையில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார். அது கிராமீன் வங்கியாக வளர்ந்தது. 2006-ல் நோபல் பரிசு வாங்கியது! யூனுஸின் பேச்சைக் கேட்டுத்தான் கிவாவின் ஜெசிகாவுக்கும் பொறி தட்டியது!

பனைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் எத்தனை பனை? சுமார் 5 கோடி! நம் மாநில மரமே பனைதான். பெரும்பகுதி தென் மாவட்டங்களில் நிற்கிறது. அட, ஆப்பிரிக்காவிலும் பனை உண்டு தெரியுமா! நம் பனையின் நெருங்கிய சொந்தம். செனகலில் இருந்து கிழக்குக் கரை வரை பரந்து நிற்கிறது!

உடன்குடிக்குப் பனையை நம்பியே ரயில் ஓடியது! நூறாண்டுக்கு முன் பாரி கம்பெனி பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை வைத்திருந்தது. திருச்செந்தூரில் இருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை குட்டி ரயில். இரண்டே அடி அகலத் தண்டவாளம்! இன்று அதே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் எழும்புகிறது!

மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு வங்கி

திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டில் இருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டு வண்டியில் வடக்கே போயின. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று போன இடமெல்லாம் வியாபாரிகள் பேட்டை அமைத்தார்கள். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொதுப்பெட்டிக்கு. அதுதான் மகமை! கட்டாயப்படுத்த அரசாங்கம் இல்லை, அதிகாரி இல்லை. ஆனால் வசூல் நடந்தது!

1889-ல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. நடத்தக் காசு? வீட்டுக்கு வீடு பிடியரிசி! உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனின் பெயர் காமராஜ்!

1921 மே 11. தூத்துக்குடியில் ஒரு வங்கி பதிவாகிறது. பெயர் நாடார் வங்கி. வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே பணம் போட்டுத் தொடங்கியது! 1937-ல் கொழும்பில் கிளை! 1962-ல் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடியிலேயே! 2022 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் வயது 101!

கென்யாவில் இதைவிட வேகக்காரக் கூட்டம் ஒன்று இருந்தது. 1997-ல் நண்பர்கள் சிலர் மாதாமாதம் பணம் சேர்க்க ஆரம்பித்தார்கள். அங்கே அதற்கு 'சாமா' என்று பெயர். 2011-ல் அந்தச் சேமிப்புக் கூட்டம் டிரான்ஸ்செஞ்சுரி என்ற கம்பெனியாக நைரோபி பங்குச் சந்தையில் ஏறியது. 14 வருஷம்தான்!

"இந்த மாசம் சீட்டு யாருக்கு?"

இருபது பெண்கள். தலைக்கு மாதம் 1,000 ரூபாய். மாதம் ஒருவர் 20,000 ரூபாயை மொத்தமாக எடுத்துக்கொள்வார். இருபது மாதத்தில் எல்லாருக்கும் ஒரு சுற்று. எல்லாருக்கும் தெரிந்த சீட்டுதானே என்கிறீர்களா? இதையே நைஜீரியாவில் எசுசு என்கிறார்கள்! கேமரூனில் இஞ்சாங்கி! எத்தியோப்பியாவில் இக்குப்! சோமாலியாவில் அயூத்தோ! எகிப்தில் கம்இய்யா! ஒருவரை ஒருவர் பார்க்காமலே அத்தனை ஊர்ப் பெண்களும் ஒரே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்!

நம் தெருவில் சீட்டு நடப்பதைப் பாருங்கள். சாயங்காலம் திண்ணையில் கூடுவார்கள். "யக்கா, மவளுக்கு காலேஜு பீசு கெட்டணும், இந்த மாசம் நான் எடுத்துக்கிடுதேன்" என்று ஒருத்தி சொல்வாள். "எடுத்துக்கிடு பிள்ள, நான் தைப்பொங்கலுக்கு எடுத்துக்கிடுதேன்" என்று மூத்தவள் விட்டுக்கொடுப்பாள். கடன் விண்ணப்பம், பரிசீலனை, ஒப்புதல் எல்லாம் முடிந்தது. ஒரே நிமிஷம்!

அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களிடம் ஒரு துணிமூட்டைகூட இல்லை. ஆனால் எசுசு கூடவே போனது! டிரினிடாடில் அது இன்றும் சுசு. ஜமைக்காவில் 'பார்ட்னர்'. ஜமைக்காக்காரர்கள் 1950-களில் இங்கிலாந்து போனபோது வங்கிகள் கைவிரித்தன. பார்ட்னர் பணத்தில் லண்டனில் வீடே வாங்கினார்கள்!

தென் ஆப்பிரிக்காவில் ஸ்டாக்வெல் என்று பெயர். எத்தனை குழுக்கள் தெரியுமா? அங்குள்ள தேசிய ஸ்டாக்வெல் சங்கத்தின் கணக்குப்படி 8 லட்சம்! உறுப்பினர்கள் ஒரு கோடியைத் தாண்டும்!

கானாவின் சந்தைகளில் சுசு வசூல்காரர் தினமும் கடை கடையாக நடப்பார். தக்காளி விற்கும் அம்மா ஒரு நாணயம் தருவார். அட்டையில் ஒரு டிக். மாதக் கடைசியில் மொத்தப் பணமும் திரும்பி வரும், ஒரு நாள் காசு மட்டும் கழித்து! அதுதான் அவர் கூலி. வட்டி வாங்குவதற்குப் பதில், சேமித்துத் தரக் கூலி கொடுக்கிறார்கள். கையில் இருந்தால் செலவாகிவிடுமே!

நம் ஊர்ச் சந்தைகளில் தண்டல்காரர் நேர் எதிர். கடன் தரும்போதே வட்டியைப் பிடித்துக்கொள்வார். பிறகு நூறு நாள், தினம் தினம் வசூல்! காய்கறிக் கடை அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த நூறு நாளையும் விரல் விட்டுச் சொல்வார்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாடு 2003-லேயே தனிச் சட்டம் போட்டது!

இலங்கையில் தமிழர் மட்டும் அல்ல, சிங்களவரும் சீட்டுப் பிடிக்கிறார்கள். பெயர்? சீட்டுதான்! மலேசியாவில் இது 'கூட்டு'. 1971-ல் அதற்குத் தடைச் சட்டமே வந்துவிட்டது!

கேரளத்தில் சீட்டு நடத்துவது யார் தெரியுமா? மாநில அரசாங்கம்! 1969-ல் திருச்சூரில் தொடங்கியது. இந்தியாவில் முறைப்படி சீட்டு நடத்த மத்தியச் சட்டம் வந்தது 1982-ல். ஆனால் பதிவு இல்லாத சீட்டில் நடத்துபவர் ஓடிவிட்டால் போனது போனதுதான். போடும் முன் பதிவுச் சான்றைக் கேளுங்கள், கூச்சமே வேண்டாம்!

முருகன் கொடுத்த கடன்

இது என் பெருமைக்குரிய கண்டெடுப்பு! 9-ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர் வரகுணர் திருச்செந்தூர் முருகனுக்கு 1,400 பொற்காசு கொடுத்தார். உண்டியலில் போட்டுப் பூட்டவில்லை. பல ஊர்ச் சபைகளிடம் பிரித்துக் கடனாகக் கொடுத்தார்கள்! வட்டி ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல். ஆக, வருஷா வருஷம் கோயிலுக்கு 2,800 கலம்! முதலுக்குச் சேதமே இல்லை! கல்வெட்டு அதே திருச்செந்தூர்க் கோயிலில்!

தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கு எரிக்கவும் கடன்தான். ஒரு விளக்குக்கு 96 ஆடு! இடையர் ஆட்டை வாங்கிக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் பெருகினால் அவர் லாபம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கால்நடைக் கடன்!

'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் கடன் கொடுத்தார் என்றால் நம்புவீர்களா? 1720-களில் டப்ளின் நகரத்தில் சொந்தப் பணம் 500 பவுண்டை ஒதுக்கினார். ஏழைக் கைத்தொழிலாளிகளுக்கு 5 பவுண்டு, 10 பவுண்டு என்று பிரித்துக் கொடுத்தார். வட்டி கிடையாது! அண்டை வீட்டார் இருவர் ஜாமீன் நின்றால் போதும். இந்த யோசனை பரவி அயர்லாந்து முழுக்கக் கடன் நிதிகள் முளைத்தன!

சென்னை மயிலாப்பூரில் இந்து நிரந்தர நிதி 1872-ல் தொடங்கியது. உறுப்பினர் பணத்தை உறுப்பினருக்கே கடன் தருவதுதான் நிதியின் வேலை. 

தமிழ்நாட்டின் முதல் வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904-ல் திருவள்ளூர் அருகே திரூரில்! அதே 1904-ல் காஞ்சிபுரத்தில் கூட்டுறவு நகர வங்கி. அதற்கும் முன் பிரெடரிக் நிக்கல்சன் என்ற மெட்ராஸ் அதிகாரி ஐரோப்பா முழுக்கச் சுற்றிவிட்டு ஒரு பெரிய அறிக்கை எழுதினார். கிராமத்துக்குக் கிராமம் கடன் சங்கம் வேண்டும் என்பதுதான் அதன் சாரம்!

தமிழ் முஸ்லிம் ஊர்களில் பைத்துல்மால் பார்த்திருப்பீர்கள். ஜமாஅத்தார் பணம் சேர்த்து, கஷ்டப்படுபவர்களுக்கு உதவியும் வட்டியில்லாக் கடனும் தருகிறார்கள். பெட்டிக்கடைக்கும் தையல் மெஷினுக்கும் அதுவே முதல்!

எண்பது ரூபாய், பத்து ஷில்லிங்

லிஜ்ஜத் அப்பளம் சாப்பிட்டிருக்கிறீர்களா? 1959 மார்ச் 15. மும்பையில் ஏழு பெண்கள் ஒரு மொட்டை மாடியில் அப்பளம் போட்டார்கள். முதலீடு, கடன் வாங்கிய 80 ரூபாய்! இன்று பல்லாயிரம் பெண்கள் அதன் உரிமையாளர்கள்!

கானாவில் எஸ்தர் ஒக்லூ என்ற இளம்பெண். பள்ளிப் படிப்பு முடிந்தது, வேலை இல்லை. உறவுக்காரப் பெண்மணி ஒருவர் 10 ஷில்லிங் கொடுத்தார். ஆரஞ்சும் சர்க்கரையும் 12 ஜாடியும் வாங்கினார். மார்மலேட் காய்ச்சினார். தெருவில் நின்று கூவி விற்றார்!  பின்னாளில் அது பெரிய உணவுத் தொழிற்சாலை ஆனது!

அந்த எஸ்தரும் நம் அகமதாபாத் எலா பட்டும் 1975-ல் மெக்சிகோ மாநாட்டில் சந்தித்தார்கள். பெண்களுக்குக் கடன் கிடைக்க உலக அளவில் ஓர் அமைப்பு வேண்டும் என்று பேசினார்கள். 1979-ல் பெண்கள் உலக வங்கியியல் அமைப்பு பிறந்தது. முதல் தலைவர் யார்? மார்மலேட் விற்ற எஸ்தர்!

எலா பட்டின் சேவா வங்கி 1974-ல் தொடங்கியது எப்படி? 4,000 பெண்கள், ஆளுக்கு 10 ரூபாய்! கையெழுத்துப் போடத் தெரியாதவர்களே அதிகம். அதனால் பாஸ் புத்தகத்தில் போட்டோ ஒட்டினார்கள்!

நம் சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் மன்றம் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 800 பேர். பூக்காரி, மீன்காரி, இட்லிக் கடைக்காரி! பிறகு தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கடன் சங்கமே வைத்துக்கொண்டார்கள்!

மகளிர் சுயஉதவிக் குழு தமிழ்நாட்டில் எங்கே அரசுத் திட்டமாக ஆரம்பித்தது? 1989-ல், தர்மபுரியில்! ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியது. நபார்டு 1992-ல் குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியபோது இலக்கு வெறும் 500 குழு. இன்று நாட்டில் ஒரு கோடிக்கும் மேல்!

மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களின் சின்னப்பிள்ளையை மறக்க முடியுமா? விவசாயக் கூலியாக இருந்தவர். விருது வாங்க டெல்லி போனார். அன்றைய பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார்! 2019-ல் பத்மஸ்ரீ!

ராம், ஸ்மிதா ராம் தம்பதி 2008 ஜனவரி 26-ல் 'ரங் தே' தொடங்கினார்கள். இணையத்தில் நீங்களே கிராமத்து விவசாயிக்கோ நெசவாளிக்கோ கடன் கொடுக்கலாம். பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. 

கழிப்பறை கட்ட, குடிநீர் இணைப்பு வாங்க மட்டும் கடன் தரும் நிறுவனம் எங்கே இருக்கிறது? திருச்சியில்! பெயர் கார்டியன். 2010-ல் பெங்களூரில் தொடங்கிய மிலாப் தளத்தின் வழியாக வெளிநாட்டில் இருப்பவர்கள்கூட நம் கிராமத்து வீடுகளின் கழிப்பறைக்குக் கடன் கொடுத்தார்கள்!

இந்தியாவில் நபருக்கு நபர் கடன் தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் விதி போட்டது. ஒருவர் அத்தனை தளங்களிலும் சேர்த்து ஒரே நபருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடாது. தவணை 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. கொடுத்த பணம் திரும்புவதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள்!

மூன்று பூட்டுப் பெட்டி

1991. நைஜர் நாட்டின் மராடி. சஹாரா ஓரம், வெயில் கொளுத்தும் ஊர். கேர் அமைப்பின் உதவியோடு கிராமத்துப் பெண்கள் சேமிப்புக் குழு தொடங்கினார்கள். வெளியில் இருந்து ஒரு பைசா மூலதனம் கிடையாது! சேர்த்தது எல்லாம் அவர்கள் காசு, கடன் வாங்கியது எல்லாம் அவர்களே!

அந்த முறை பரவிய ஊர்களில் ஒரு கூட்டத்தை எட்டிப் பாருங்கள். நடுவில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டியில் மூன்று பூட்டு! மூன்று சாவியும் மூன்று பெண்களின் இடுப்பில். பெட்டி நாலாவது ஆளின் வீட்டில்! நாலு பேரும் கூடாமல் பெட்டி திறக்காது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் கவலை இல்லை. சேமித்த பங்குக்குப் பாஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை. பணத்தை எல்லார் முன்னிலையிலும் தரையில் கொட்டி உரக்க எண்ணுவார்கள். போன வாரம் பெட்டியில் எவ்வளவு இருந்தது என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்!

விதை வாங்க, கோழி வாங்க, எண்ணெய் ஆட்ட என்று கடன் போகும். வட்டி யாருக்கு? பெட்டிக்கே! வருஷக் கடைசியில் பெட்டியைக் காலி செய்து, பங்குப்படி பிரித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் மறுபடி முதல் முத்திரை!

2009-ல் ஜூலியா கர்னியா 'சிடிஷா' என்ற தளத்தைத் தொடங்கினார். நடுவில் உள்ளூர் நிறுவனமே வேண்டாம் என்றார். கென்யாவின் கடைக்காரரும் அமெரிக்காவின் ஆசிரியரும் நேருக்கு நேர் பேசிக் கடன் முடித்தார்கள். ஒரு டாலரில் இருந்து கொடுக்க முடிந்தது!

பணம் எப்படிக் கண்டம் தாண்டிக் கிராமத்துக்குப் போனது? சாதாரணப் பட்டன் போன் வழியாக! கென்யாவில் எம்-பெசா 2007 மார்ச்சில் வந்தது. நம் யு.பி.ஐ.க்கு ஒன்பது வருஷம் முன்பு!

எம்-பெசாவை எதற்காகச் சோதித்துப் பார்த்தார்கள் தெரியுமா? சிறுகடன் வாங்கியவர்கள் தவணை கட்டுவதற்கு! 2005-ல் ஃபாவுலு என்ற கடன் நிறுவனத்தோடு சோதனை ஆரம்பம். ஜனங்கள் தவணையும் கட்டினார்கள், அதோடு நிற்காமல் ஊரில் இருந்த அம்மாவுக்கும் தம்பிக்கும் போனிலேயே பணம் அனுப்பத் தொடங்கினார்கள். கம்பெனி திட்டத்தையே மாற்றிக்கொண்டது!

2016-ல் தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எம்-பெசாவால் கென்யாவில் வறுமையில் இருந்து மேலே வந்த குடும்பங்கள் எத்தனை தெரியுமா? 1,94,000!